விக்டோரியா காலத்து லண்டன்ல ஒரு ஏரியாவோட தொற்றுநோய் கணக்கையும் ஆஸ்பத்திரி அட்மிஷனையும் படிக்கறது எப்படி

ஒரு ஏரியாவுல இந்த வருஷம் 400 பேர் காய்ச்சல் ஆஸ்பத்திரில சேந்தாங்க, அடுத்த வருஷம் 700 பேர்னு வெச்சுக்கோங்க. பாத்த உடனே நோய் பரவிடுச்சுன்னு சொல்லிடுவோம். பழைய லண்டன் கணக்கை கையில எடுக்கற எல்லாரும் முதல்ல தப்பு பண்ற இடம் இதுதான், நானும் இங்கதான் ஆரம்பிச்சேன். கூடுதலா வந்த அந்த 300 பேர் நோய் கூடினதால வந்திருக்கலாம், புதுசா வார்டு திறந்ததால வந்திருக்கலாம், சட்டம் மாறினதால வந்திருக்கலாம், இல்ல "ஆஸ்பத்திரிக்கு போனா ஏழைக் கணக்குல பேர் ஏறிடும், ஓட்டு போயிடும்"ங்கற பயம் போனதால வந்திருக்கலாம். அட்மிஷன் ரெஜிஸ்டர் ஊர்ல எவ்வளவு நோய் இருந்துச்சுன்னு சொல்றதில்ல, எந்த வாசல் யாருக்கு திறந்திருந்துச்சுன்னு தான் சொல்லுது. இதை மனசுல வெச்சுக்கிட்டு எப்படி படிக்கறது, எதை எதோட சேத்து வெச்சு பாக்கறதுன்னு எனக்கு தெரிஞ்சதை எழுதறேன், ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்கும் சும்மா ஆர்வத்துல தோண்டறவங்களுக்கும் உதவும்.

முதல் வேலை ஏரியாவை தேர்ந்தெடுக்கறது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பாதி தலைவலி இங்கதான் இருக்கு. அந்த காலத்து லண்டன்ல ஒரே பேர்ல நாலு விதமான எல்லை இருந்துச்சு, பிறப்பு இறப்பு பதியற டிஸ்ட்ரிக்ட் ஒண்ணு, ஏழைகளுக்கு நிவாரணம் குடுக்கற யூனியன் ஒண்ணு, சாக்கடை குப்பை பாக்கற வெஸ்ட்ரி ஒண்ணு, சர்ச் கணக்குல வர்ற பாரிஷ் ஒண்ணு. இறப்பு எண்ணிக்கையை ஒரு எல்லையில இருந்தும் ஆஸ்பத்திரி எண்ணிக்கையை வேற எல்லையில இருந்தும் எடுத்து வகுத்தா வர்ற விடைக்கு அர்த்தமே கிடையாது. அதனால முதல் தடவை பண்றவங்களுக்கு நான் சொல்றது பெத்னல் கிரீன். கிழக்கு லண்டன்ல நெசவாளிங்க, நாற்காலி மேஜை செய்யறவங்க, செருப்பு தைக்கறவங்க நெருக்கி அடிச்சு வாழ்ந்த இடம். இங்க பாரிஷ், யூனியன், வெஸ்ட்ரி, பதிவு டிஸ்ட்ரிக்ட் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எல்லை, 1900ல பரோ, அதாவது தனி நகராட்சிப் பகுதி, ஆனப்பவும் அப்படியேதான் போச்சு. அம்பது வருஷத்தை ஒரே கோட்டுல வெச்சு பாக்க முடியற வாய்ப்பு எல்லா ஏரியாலயும் கிடைக்காது. உள்ள நாலு துணை டிஸ்ட்ரிக்ட் இருந்துச்சு, ஹாக்னி ரோடு, கிரீன், சர்ச், டவுன்னு, இறப்பு அட்டவணைல இந்த நாலும் தனித்தனியா வரும், அதை ஒண்ணா கூட்டிடாம வெச்சுக்கோங்க.

அடுத்தது வாசல் எப்ப எப்ப திறந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிக்கோங்க. இதை பண்ணாம ஒரு நம்பரைக் கூட தொடாதீங்கன்னு சொல்லுவேன், அவ்வளவு முக்கியம்.

1867க்கு முன்னாடி தொற்றுநோய் வந்த ஏழைக்கு போக இடமே ரொம்ப கம்மி. லண்டன் ஹாஸ்பிடல் மாதிரி தர்ம ஆஸ்பத்திரிகள் இருந்துச்சு, ஆனா பொதுவா இந்த ஆஸ்பத்திரிகள்ல நன்கொடை குடுத்தவர்கிட்ட சிபாரிசு லெட்டர் வாங்கிட்டு வரணும், அதுவும் பெரியம்மை, ஒட்டற காய்ச்சல்னா பல இடத்துல வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. இஸ்லிங்டன்ல லிவர்பூல் ரோட்டுல லண்டன் ஃபீவர் ஹாஸ்பிடல் இருந்துச்சு, ஹைகேட்ல பெரியம்மைக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, அவ்வளவுதான். மிச்ச பேர் வீட்லயே கிடந்தாங்க, இல்ல வொர்க்ஹவுஸ்ல, அதாவது ஏழைகளை தங்க வெச்சு வேலை வாங்கற விடுதில, நோயாளிகள் அறையில கிடந்தாங்க. 1866 ஜூலைல கிழக்கு லண்டனை காலரா புடிச்சப்ப இதுதான் நிலைமை. ஈஸ்ட் லண்டன் வாட்டர் கம்பெனியோட ஓல்டு ஃபோர்டு குளத்து தண்ணில கழிவு கலந்து போச்சு, வில்லியம் ஃபார்ங்கற புள்ளியியல்காரர் இறப்பு கணக்கை தண்ணி கம்பெனியோட எல்லையோட பொருத்தி பாத்து காட்டினார், லண்டன் முழுக்க அந்த வருஷம் காலரால செத்தவங்க 5,500க்கு மேல, அதுல பெரும்பகுதி கிழக்கு பக்கம்தான். இப்ப பெத்னல் கிரீனோட ஆஸ்பத்திரி அட்மிஷனை மட்டும் வெச்சு ஒரு கிராஃப் போட்டீங்கன்னா 1866 எவ்வளவு மோசம்னு தெரியாது. அந்த ஏரியா பாத்த மோசமான கோடைக்காலத்துல ஒண்ணு உங்க கிராஃப்ல முழுசா இருக்காது, ஏன்னா அவங்க எல்லாரையும் சேத்துக்க படுக்கை இல்ல. அந்த வேதனைல இருந்துதான் அடுத்த வருஷம் ஃபிலிப்ஸ் சகோதரிகள் ரெண்டு பேர் விர்ஜினியா ரோங்கற தெருவுல பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சின்ன வைத்தியசாலை ஆரம்பிச்சாங்க, அதுதான் பின்னாடி ஹாக்னி ரோட்டுல குழந்தைகள் ஆஸ்பத்திரியா வளந்துச்சு.

1867ல மெட்ரோபாலிட்டன் புவர் ஆக்ட் வந்து, அதுல இருந்து மெட்ரோபாலிட்டன் அசைலம்ஸ் போர்டு பொறந்துச்சு. இனிமே சும்மா போர்டுன்னே சொல்றேன். லண்டன் முழுக்க உள்ள ஏழை நோயாளிகளுக்கு பெரியம்மை, காய்ச்சல் ஆஸ்பத்திரி கட்டறது இவங்க வேலை. 1870ல ஹாம்ப்ஸ்டெட்ல தற்காலிகமா ஒண்ணு, 1871 ஆரம்பத்துல ஹோமர்டன், ஸ்டாக்வெல்னு ரெண்டு, 1877ல ஃபுல்ஹாம், டெட்ஃபோர்ட். பெத்னல் கிரீன்காரங்களுக்கு பக்கத்துல இருந்தது ஹோமர்டன், ஹாக்னி எல்லைக்குள்ள. அது திறந்த நேரத்தை பாருங்க, பெரியம்மை பெருசா வெடிச்ச அதே நேரம், 1871ல மட்டும் லண்டன்ல 7,900 பேர் செத்திருக்காங்க. ஆஸ்பத்திரியும் புதுசு, கொள்ளைநோயும் புதுசு. அதனால 1871 அட்மிஷன் எண்ணிக்கையை 1869ஓட ஒப்பிடவே கூடாது, ஒப்பிட அங்க ஒண்ணும் கிடையாது.

உள்ள போற வழி அப்ப எப்படி இருந்துச்சுன்னா, பாரிஷ் டாக்டர் வந்து பாக்கணும், ரிலீவிங் ஆபீசர்னு ஒருத்தர் இருப்பார், ஏழைகளுக்கு நிவாரணம் குடுக்கறவர், அவர் ஆர்டர் எழுதி குடுக்கணும், அப்பறம்தான் வண்டி. அந்த ஆர்டரை வாங்கினாலே நீங்க பாரிஷ் காசுல வாழற ஆள்னு ஆயிடும், ஓட்டு உள்ள குடும்பத்தலைவனுக்கு ஓட்டு போயிடும், தெருவுல மரியாதையும் போயிடும். சட்டம் ஏழைகளுக்குன்னு சொன்னாலும் நடைமுறைல ஓரளவு வசதியானவங்களையும் சேத்துக்கிட்டாங்கதான், ஆனா எத்தனை அம்மாக்கள் புள்ளைக்கு உடம்பெல்லாம் செவந்து இருக்கறதை மறைச்சு வெச்சு வீட்லயே பாத்திருப்பாங்கன்னு எந்த ரெஜிஸ்டர்லயும் இருக்காது.

1883ல ஒரு சட்டம், ஆஸ்பத்திரில சேந்ததை ஏழை நிவாரணமா கணக்குல எடுக்கக்கூடாதுன்னு. 1888 கடைசில டிஃப்தீரியா கேஸையும் சேத்துக்க ஆரம்பிச்சாங்க, நம்ம ஊர்ல தொண்டை அடைப்பான்னு சொல்றது. 1889ல நோயை தெரிவிக்கறது கட்டாயம்னு சட்டம், லண்டன் முழுக்க. 1891ல பப்ளிக் ஹெல்த் லண்டன் ஆக்ட், காசு இருக்கோ இல்லையோ லண்டன்ல யாரு வேணா இலவசமா சேரலாம்னு வாசல் முழுசா திறந்துச்சு. இந்த நாலு வருஷத்தையும் சிவப்பு பேனால வட்டம் போட்டுக்கோங்க. 1880கள் கடைசில இருந்து அட்மிஷன் கிராஃப் மலை ஏறற மாதிரி ஏறும், அதே சமயம் ஸ்கார்லெட் காய்ச்சல்ல (தொண்டை புண்ணாகி உடம்பு செவந்து போற, பெரும்பாலும் குழந்தைகளுக்கு வர்ற நோய்) சாகறவங்க எண்ணிக்கை அம்பது அறுபதுகளோட ஒப்பிட்டா நல்லா இறங்கிட்டே வரும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா போகுதேன்னு குழம்ப வேண்டாம், நோய் தன் பாட்டுக்கு வீரியம் குறைஞ்சுட்டு வந்துச்சு, ஜனங்க ஆஸ்பத்திரியை நம்ப ஆரம்பிச்சாங்க, ரெண்டும் வேற வேற கதை.

இப்ப கணக்கு எங்க இருக்குன்னு பாப்போம். முதல்ல எடுக்க வேண்டியது ஹெல்த் ஆபீசரோட வருஷாந்திர அறிக்கை. 1855 சட்டப்படி லண்டன்ல ஒவ்வொரு வெஸ்ட்ரியும் ஒரு டாக்டரை மெடிக்கல் ஆபீசர் ஆஃப் ஹெல்த்தா போடணும், 1856ல இருந்து அறிக்கைகள் வருது. வெல்கம் கலெக்ஷன்னு லண்டன்ல இருக்கற மருத்துவ வரலாற்று நூலகம் இதெல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி 1848ல இருந்து 1972 வரைக்கும் 5,500க்கு மேல லண்டன் அறிக்கைகளை இலவசமா இணையத்துல போட்டிருக்காங்க, வீட்ல உக்காந்தே படிக்கலாம். அட்டவணைக்கு மட்டும் நேரா தாவிடாதீங்க, முன்னாடி இருக்கற பத்து பதினஞ்சு பக்கம் எழுத்தை படிங்க. எந்த தெருவுல சாக்கடை உடைஞ்சுது, எந்த பால்காரன் வீட்ல காய்ச்சல் இருந்துச்சு, எந்த வீட்டு சொந்தக்காரன் நோட்டீஸை கண்டுக்கலை, எல்லாம் அங்கதான் இருக்கும். இந்த டாக்டர்கள் பல பேர் தங்களுக்கு சம்பளம் குடுக்கற வெஸ்ட்ரி மெம்பர்களுக்கே, அதுல வாடகை வீட்டு முதலாளிகளும் உக்காந்திருக்கறப்ப, இந்த வீடுகள் ஆளைக் கொல்லுதுன்னு எழுத வேண்டியிருந்துச்சு. அதை படிக்கறப்ப எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை வரும்.

ரெண்டாவது ரெஜிஸ்டிரார் ஜெனரலோட, அதாவது பிறப்பு இறப்பு பதிவுக்கு தலைமை அதிகாரியோட, வாராந்திர இறப்பு கணக்கு. மூணாவது போர்டோட வருஷாந்திர அறிக்கை, அதுல ஒவ்வொரு யூனியன்ல இருந்தும் எந்த நோய்க்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு அட்டவணை இருக்கும். நாலாவது ஆஸ்பத்திரியோட ஒரிஜினல் ரெஜிஸ்டர்கள், அதுவும் போர்டோட பேப்பர்களும் கிளெர்க்கன்வெல்ல இருக்கற லண்டன் ஆர்கைவ்ஸ்ல, 2024 வரைக்கும் லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்கைவ்ஸ்னு பேர். எல்லா ஆஸ்பத்திரிக்கும் எல்லா வருஷமும் மிஞ்சி இருக்கும்னு நெனச்சுட்டு போகாதீங்க, கேட்லாக்ல முதல்ல பாத்துட்டு போங்க. நோயாளி பேர் இருக்கற ரெக்கார்டுக்கு பொதுவா 100 வருஷம் மூடி வெக்கற விதி, விக்டோரியா காலத்துக்கு அது தாண்டிடுச்சு, பிரச்னை இல்ல. ஆனா ஒரே பைண்டிங்ல 100 வருஷம் ஆகாத பக்கமும் சேந்திருந்தா தர மாட்டாங்க. பெத்னல் கிரீன் வெஸ்ட்ரி மினிட்ஸுக்கு பான்கிராஃப்ட் ரோட்டுல டவர் ஹாம்லெட்ஸ் லோக்கல் ஹிஸ்டரி லைப்ரரி.

எண்ணறதுக்கு முன்னாடி நோயோட பேரை சரி பண்ணிக்கணும், இதுல ரொம்ப பேர் வழுக்கி விழறாங்க. ஸ்கார்லட்டினாவும் ஸ்கார்லெட் ஃபீவரும் ஒண்ணேதான். என்ட்டரிக் ஃபீவர்னா டைபாய்டு. தைசிஸ்னா காசநோய். வேரியோலான்னா பெரியம்மை. டைபஸ் வேற டைபாய்டு வேற, முன்னது சீலைப்பேன் மூலமா பரவறது, பின்னது தண்ணி, பால், சாப்பாட்டுல வர்றது, ஆனா 1869 வரைக்கும் ரெஜிஸ்டிரார் ஜெனரலோட கணக்குல ரெண்டையும் ஒரே தலைப்புல போட்டிருந்தாங்க. வில்லியம் ஜென்னர் லண்டன் ஃபீவர் ஹாஸ்பிடல்ல வேலை பாத்து 1849, 1850லயே ரெண்டும் வேற நோய்னு காட்டிட்டார், கணக்குப் புத்தகம் அதை ஏத்துக்க இருபது வருஷம் ஆச்சு. அதனால 1860கள்ல டைபாய்டு இவ்வளவுன்னு யாராவது ரெஜிஸ்டிரார் கணக்குல இருந்து ஒரு எண் சொன்னா எப்படி பிரிச்சீங்கன்னு கேளுங்க. அதே மாதிரி அம்பதுகள் வரைக்கும் டிஃப்தீரியா ஸ்கார்லெட் காய்ச்சலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதுக்கு அப்பறமும் நிறைய கேஸ் குரூப்ங்கற (croup, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கறது) பேர்ல போயிருக்கும். கண்டின்யூட் ஃபீவர்னு எழுதியிருந்தா என்ன காய்ச்சல்னு டாக்டருக்கு தெரியலைன்னு அர்த்தம். குழந்தை இறப்புல பல்லு முளைச்சது, வலிப்பு, பலவீனம்னு போட்டிருக்கறதுல பாதிக்கு பின்னாடி ஏதோ ஒரு தொற்று இருந்திருக்கும்னு நான் நம்பறேன், ஆனா அதை எடுத்து உங்க கணக்குல சேத்துடாதீங்க, தனி வரிசைல வெச்சிருங்க.

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம், இதுல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா முழு வேலையும் கெட்டுப் போற இடம் இதுதான்.

இறப்பு எங்க நடந்துச்சோ அங்கதான் பதிவாகும். பெத்னல் கிரீன் குழந்தை ஹோமர்டன் ஆஸ்பத்திரில செத்தா அது ஹாக்னி டிஸ்ட்ரிக்ட்ல பதிவாகும். லண்டன் ஹாஸ்பிடல்ல செத்தா வைட்சேப்பல் பக்கம். இதனால ஆஸ்பத்திரி இருக்கற டிஸ்ட்ரிக்ட் எல்லாம் பயங்கர நோய் புடிச்ச இடம் மாதிரியும், நோயாளியை அனுப்பற ஏரியா சுத்தமான இடம் மாதிரியும் தெரியும். நான் முதல் தடவை பண்ணப்ப பெத்னல் கிரீன்ல எழுபதுகள்ல பெரியம்மை ரொம்ப நல்லா குறைஞ்சுடுச்சுன்னு ஒரு முடிவே எழுதி வெச்சேன், அப்பறம் பாத்தா அவங்க எல்லாம் ஹாக்னி கணக்குல இருக்காங்க, மூணு வாரம் வேலையை திரும்ப பண்ணினேன். பெரியம்மைல இது இன்னும் மோசம். ஹாம்ப்ஸ்டெட்காரங்க எங்க பக்கத்துல பெரியம்மை ஆஸ்பத்திரி வேணாம்னு கோர்ட்டுக்கு போயி, 1881ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போச்சு, போர்டு தோத்துடுச்சு. அதுக்கு அப்பறம் 1884ல இருந்து பெரியம்மை கேஸை தேம்ஸ்ல கப்பல்ல ஏத்தி லண்டன் பிரிட்ஜ்ல இருந்து சுமார் 17 மைல் கீழ லாங் ரீச்சுக்கு கொண்டு போனாங்க. அட்லஸ், எண்டிமியான்னு ரெண்டு பழைய போர்க்கப்பல், காஸ்டேலியான்னு ரெட்டை அடிப்பாகம் உள்ள ஒரு சேனல் கப்பல், மூணையும் நங்கூரம் போட்டு மிதக்கற ஆஸ்பத்திரியா மாத்தினாங்க. கிழக்கு லண்டன் தெருவுல காய்ச்சல் கண்ட ஒரு ஆள் ஆத்து நடுவுல கப்பல்ல செத்து கென்ட் பக்கம் டார்ட்ஃபோர்ட்ல பதிவாவான். நீங்க லண்டன் இறப்பு பதிவு மட்டும் தேடினா அவன் கிடைக்கவே மாட்டான்.

இதுக்கு வழி என்னன்னா, ஹெல்த் ஆபீசரே பெரும்பாலும் இந்த திருத்தத்தை பண்ணியிருப்பார், வெளிய செத்த நம்ம ஏரியா ஆட்களை சேத்து, உள்ள செத்த வெளியூர் ஆட்களை கழிச்சு. அறிக்கைல அந்த வரி இருக்கான்னு பாருங்க. சில வருஷம் பண்ணியிருப்பாங்க, சில வருஷம் இருக்காது. ஒவ்வொரு வருஷத்துக்கும் திருத்தினது, திருத்தாததுன்னு பக்கத்துலயே ஒரு குறி போடுங்க, ரெண்டையும் ஒரே கோட்டுல இணைக்காதீங்க.

அடுத்தது ஜனத்தொகை. பெத்னல் கிரீன்ல 1861ல சுமார் 1,05,000 பேர், 1871ல 1,20,000, 1881ல 1,27,000, 1891ல 1,29,000. கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தான், நடுவுல உள்ள வருஷத்துக்கு அந்த காலத்துல பொதுவா போன பத்து வருஷம் எவ்வளவு வளந்துச்சோ அதே வேகத்துல வளருதுன்னு வெச்சுக்குவாங்க. ஆனா ஏரியா ரொம்பி வழிஞ்சு போய் வளர்ச்சி நின்னு போச்சு. பழைய வேகத்துலயே போட்டா 1891க்கு 1,34,000 வரும், உண்மைல இருந்தது 1,29,000. அந்த 5,000 பேர் இல்லாத ஆட்கள், ஆனா வகுக்கறப்ப அவங்களும் கீழ நிப்பாங்க, நோய் விகிதம் கம்மியா தெரியும். அதனால அறிக்கைல அச்சாகியிருக்கற விகிதத்தை அப்படியே எடுக்காம, எண்ணிக்கையை மட்டும் எடுத்துட்டு ரெண்டு கணக்கெடுப்புக்கும் நடுவுல நீங்களே ஜனத்தொகையை போட்டு வகுத்துக்கோங்க.

ஆஸ்பத்திரி இறப்பு சதவீதத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. போர்டு, செத்தவங்களை சேந்தவங்களால நேரா வகுக்கலை, சேந்தவங்க, வீட்டுக்கு போனவங்க, செத்தவங்க மூணையும் கூட்டி பாதியாக்கி அதால வகுத்தாங்க. ஒரு உதாரணத்துக்கு 1,000 பேர் சேந்து 600 பேர் வீட்டுக்கு போயி 60 பேர் செத்தாங்கன்னு வெச்சா நேரா வகுத்தா 6 சதவீதம், போர்டு முறைல பாதித்தொகை 830, விடை 7.2. ஏன் இப்படின்னா வருஷக் கடைசில இன்னும் படுக்கைல இருக்கறவங்க பொழைப்பாங்களா இல்லையான்னு தெரியாது, கொள்ளைநோய் டிசம்பர்ல உச்சத்துல இருந்தா நேர் வகுத்தல் ஏமாத்திடும். நல்ல யோசனைதான், ஆனா வேற ஆஸ்பத்திரி எண்ணோட ஒப்பிடறப்ப ரெண்டு பேரும் ஒரே முறைல போட்டிருக்காங்களான்னு பாத்துட்டு ஒப்பிடுங்க. டிஃப்தீரியால போர்டு ஆஸ்பத்திரிகள்ல 1894ல 100க்கு கிட்டத்தட்ட 30 பேர் செத்தாங்க, அப்பறம் ஆன்டிடாக்சின்னு நோயோட விஷத்தை முறிக்கற ஊசி வந்து 1900க்குள்ள அது பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. இது நிஜமாவே மருந்தோட வெற்றி, சந்தேகம் இல்ல, ஆனா அதே வருஷங்கள்ல லேசான கேஸும் நிறைய உள்ள வர ஆரம்பிச்சதையும் பக்கத்துல எழுதி வெக்கணும்.

படுக்கை தீந்து போறதையும் மறக்காதீங்க. 1892, 1893ல ஸ்கார்லெட் காய்ச்சல் அவ்வளவு அதிகமாகி, போர்டு அவசர அவசரமா டாட்டன்ஹாம்ல ஒண்ணு, டூட்டிங்ல ஃபவுண்டன்னு ஒண்ணு கட்டினாங்க. இந்த மாதிரி வருஷத்துல அட்மிஷன் கோடு மேல போய் தட்டையா நிக்கும். நோய் நின்னுடுச்சுன்னு நெனச்சுடாதீங்க, படுக்கை தீந்ததால கோடு கூரைல முட்டி நிக்குது, அவ்வளவுதான். பக்கத்துல நோட்டிஃபிகேஷன் கோட்டை, அதாவது டாக்டர்கள் தெரிவிச்ச கேஸ் எண்ணிக்கையை, போட்டு பாருங்க, அது இன்னும் ஏறிட்டே இருக்கும்.

அந்த நோட்டிஃபிகேஷன்தான் 1889க்கு அப்பறம் உங்களுக்கு கிடைக்கற பெரிய வரம். டாக்டர் கேஸ் பாத்தா சர்ட்டிஃபிகேட் எழுதி ஹெல்த் ஆபீசருக்கு அனுப்பணும், தனியா பாக்கற நோயாளின்னா 2 ஷில்லிங் 6 பென்ஸ், பாரிஷ் அல்லது பொது ஆஸ்பத்திரி நோயாளின்னா 1 ஷில்லிங் டாக்டருக்கு கிடைக்கும். 1891 சட்டப்படி ஹெல்த் ஆபீசர் 12 மணி நேரத்துக்குள்ள அதோட காப்பியை போர்டுக்கும் அந்த குழந்தை படிக்கற ஸ்கூல் ஹெட்மாஸ்டருக்கும் அனுப்பணும். நோட்டிஃபை ஆனவங்க எத்தனை, அதுல ஆஸ்பத்திரிக்கு போனவங்க எத்தனை, இந்த ரெண்டையும் வகுத்தா வர்ற சதவீதம்தான் நான் முதல்ல சொன்ன வாசலோட அகலம். இதை ஒவ்வொரு நோய்க்கும் தனியா, வருஷா வருஷம் போடுங்க, முடிஞ்சா பக்கத்துல ஹாக்னிக்கும் ஒரு பணக்கார மேற்கு ஏரியாவுக்கும் போடுங்க. ஒரே ஆளை ரெண்டு டாக்டர் தனித்தனியா தெரிவிச்ச கேஸும் இருக்கும், அறிக்கைல டூப்ளிகேட் கழிச்சாச்சான்னு பாத்துக்கோங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு இது அந்த நோயே இல்லன்னு தெரிஞ்ச கேஸுக்கு போர்டு அறிக்கைல தனி அட்டவணை இருக்கு, அதையும் கழிக்கணும்.

ஆனா தெரிவிக்க வேண்டிய நோய் பட்டியலை ஒரு தடவை நிதானமா படிங்க. பெரியம்மை, காலரா, டிஃப்தீரியா, எரிசிபெலஸ் (தோல் செவந்து வீங்கற தொற்று), ஸ்கார்லெட், டைபஸ், டைபாய்டு, திரும்பத் திரும்ப வர்ற காய்ச்சல், பிரசவக் காய்ச்சல். இதுல தட்டம்மை இல்ல. கக்குவான் இருமல் இல்ல. கோடைல கைக்குழந்தைகளை வாரிட்டு போற வயித்துப்போக்கு இல்ல. காசநோய் இல்ல, அது எல்லா கேஸுக்கும் கட்டாயம் ஆனது 1912லதான். பெத்னல் கிரீன் மாதிரி ஒரே அறையில ஆறு ஏழு பேர் படுக்கற இடத்துல தட்டம்மையும் கக்குவானும் எத்தனை சின்ன குழந்தைகளை கொன்னுச்சுன்னு இறப்பு அட்டவணைல பாத்தா வயிறு கலங்கும், ஆனா போர்டு ஆஸ்பத்திரியோட அட்மிஷன் பக்கத்துல அந்த நோய்க்கு வரிசையே கிடையாது, விக்டோரியா காலம் முடியற வரைக்கும் போர்டு தட்டம்மையை சேத்துக்கவே இல்ல. அதனால உங்க அட்டவணைல தட்டம்மை, கக்குவானுக்கு வரிசை போட்டு அட்மிஷன் கட்டத்துல பூஜ்யம் எழுதாதீங்க, "வாசல் இல்ல"ன்னு எழுதுங்க. பூஜ்யம் வேற, வாசல் இல்லாதது வேற. அந்த குழந்தைகளை தேடணும்னா வொர்க்ஹவுஸ் இன்ஃபர்மரி ரெஜிஸ்டர்லயும் ஸ்கூல் லாக் புக்லயும் தேடுங்க, லாக் புக்ல "தட்டம்மையால இந்த வாரம் பாதி பசங்க வரலை"ங்கற மாதிரி ஹெட்மாஸ்டர் கையெழுத்துல இருக்கும்.

கடைசியா ஒரு வேலை, இதை கட்டாயம் ஒரு தடவையாவது பண்ணுங்க. எண்ணிக்கையை மூடி வெச்சுட்டு ரெஜிஸ்டர்ல ஒரே ஒரு குழந்தையை எடுங்க. வயசு, வீட்டு விலாசம், சேந்த தேதி, நோய், பெரியம்மைன்னா அம்மை குத்தின தழும்பு எத்தனை, வீட்டுக்கு போன தேதி இல்ல செத்த தேதி. அந்த விலாசத்தை 1881 அல்லது 1891 சென்சஸ்ல தேடுங்க, எத்தனை பேர் எத்தனை அறை, அப்பா என்ன வேலைன்னு வரும் (அறை எண்ணிக்கை 1891ல இருந்துதான், அதுவும் அஞ்சுக்கு கீழ இருந்தா மட்டும்). சார்லஸ் பூத்தோட வறுமை மேப்புல அந்த தெரு கறுப்பா, அடர் நீலமா, ரோஸா பாருங்க (கறுப்புதான் ரொம்ப மோசமான நிலைமை, ரோஸ்னா ஓரளவு வசதி), எல்எஸ்ஈ, அதாவது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இணையத்துல போட்டிருக்கு. இறப்பு பதிவு தேடணும்னா ஜிஆர்ஓவோட (ஜெனரல் ரெஜிஸ்டர் ஆபீஸ், பிறப்பு இறப்பு பதிவு அலுவலகம்) இணைய இண்டெக்ஸ்ல 1837ல இருந்தே வயசு போட்டிருக்கு. கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு போயிருந்தா இன்னும் சுலபம், 1852ல இருந்து 1914 வரைக்குமான அட்மிஷன் எல்லாம் கிங்ஸ்டன் பல்கலைக்கழக ப்ராஜெக்ட் ஒண்ணு டேட்டாபேஸா பண்ணி வெச்சிருக்கு.

ஸ்கார்லெட் காய்ச்சல் குழந்தைன்னா ஆறு வாரத்துக்கு மேல உள்ள வெச்சிருப்பாங்க, அப்பா அம்மா பக்கத்துல போக முடியாது. சில சமயம் வீட்டுக்கு அனுப்பின சில நாள்ல அதே வீட்ல தம்பிக்கோ தங்கச்சிக்கோ வந்துடும், ரிட்டர்ன் கேஸ்னு டாக்டர்கள் இதுக்கு பேரே வெச்சிருந்தாங்க, ஆஸ்பத்திரிதான் நோயை திருப்பி அனுப்புதான்னு பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. அதனால நீங்க எடுத்த குழந்தை டிஸ்சார்ஜ் ஆன தேதில இருந்து ரெஜிஸ்டரை முன்னாடி புரட்டிட்டே போங்க, ஒரு ரெண்டு மாசத்துக்கு, பேரை பாக்காதீங்க, எழுத்து மாறியிருக்கும், விலாசத்தை மட்டும் பாருங்க. அதே தெரு அதே வீட்டு நம்பர் மறுபடி வந்தா வயசையும், நடுவுல எத்தனை நாள்ங்கறதையும் குறிச்சுக்கோங்க.